ஒரு கயிறு போதாது: உயர்ந்த கட்டடங்களின் பராமரிப்பும் நமது பொறுப்பும்

கடந்த மார்ச் மாதம் ஒரு காலை. நுவரெலியா ஏப்ரல் சீசன் தொடங்க இரண்டு வாரமே இருந்தது. கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பெயின்ட் வேலை செய்யும் ஒரு தம்பி வந்து, "நானா, லொறிக்குக் கட்டுற நைலோன் கயிறு இருநூறு அடி குடுங்க" என்றார்.

"என்ன தம்பி, லொறி வாங்கிட்டீங்களா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"இல்லைங்க நானா. ஒரு அஞ்சு மாடி ஹோட்டலுக்குப் பெயின்ட் அடிக்கப் போறேன். சாரம் கட்ட நேரமில்லைன்னு முதலாளி சொல்லிட்டாரு. பலகையில தொங்கித்தான் அடிக்கணும்."

இருபத்தெட்டு வருடங்களாக ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை நடத்துகிறேன். தும்புக் கயிறு, நைலோன் கயிறு, கம்பிக் கயிறு என்று எத்தனையோ ஆயிரம் யார் அளந்து வெட்டிக் கொடுத்திருக்கிறேன். கட்டப்போவது மூட்டையா, மனிதனா என்று ஒருவரிடமும் நான் கேட்டதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் என்னிடம் வாங்கிய கயிற்றைத் திருப்பிக் கொண்டுவந்து, "சாமான் சரியில்லை" என்று மேசையில் போட்டார். விரித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் பாதி இழைகள் அறுந்திருந்தன. கூரைக் கைப்பிடிச் சுவரின் சீமெந்து விளிம்பில் நாள் முழுக்க உரசியதால் வந்த அறுப்பு அது. அந்த நாள் முழுவதும் அந்தக் கயிற்றில் ஓர் ஆள் தொங்கியிருக்கிறார். நான் வேறு கயிறு வெட்டிக் கொடுத்து அனுப்பினேன். வியாபாரம் என்ற அளவில் அது சரி. ஆனால் அந்த அறுந்த இழைகள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன.

இந்தத் தொழிலை ஒழுங்காகச் செய்பவர்களை நான் முதலில் பார்த்தது கொழும்பில்தான். புறக்கோட்டைக்குச் சாமான் எடுக்கப் போனால், வேலை முடிந்ததும் கோட்டைப் பக்கம் நடப்பது என் வழக்கம். 1987இல் எழுந்த இலங்கை வங்கியின் தலைமையகக் கோபுரமும், 1997இல் திறக்கப்பட்ட உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களும் அங்கே நிற்கின்றன. அந்தப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் இரண்டு பேர் தொங்கிக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கயிறு விற்பவன் அல்லவா, ஆட்களைப் பார்க்குமுன் கயிற்றைத்தான் பார்த்தேன். ஆள் இரண்டு, கயிறு நான்கு. ஒவ்வொருவருக்கும் இரண்டு கயிறு. கீழே நடைபாதையைப் பட்டி கட்டி மறித்து ஒருவர் காவல் நின்றார். வாளி, துடைப்பான், போத்தல் எல்லாம் தனித்தனிச் சிறு வார்களால் அவர்களின் இடுப்போடு கட்டப்பட்டிருந்தன. காவலுக்கு நின்றவரிடம் பேச்சுக் கொடுத்து நான் அறிந்ததும், பிறகு தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

கயிற்றில் தொங்கி வேலை செய்வது புதிதல்ல. கப்பல் பக்கவாட்டுக்குப் பெயின்ட் அடிக்க மாலுமிகள் பலகையில் தொங்கினார்கள். நம் நாட்டு வேடர்கள் காட்டுக் கொடியில் ஏணி பின்னி, செங்குத்துப் பாறையில் இறங்கித் தேன் எடுத்தார்கள். மலையகத் தோட்டங்களில் ஒரு காலத்தில் கொழுந்து மூட்டைகளே உச்சி மலையிலிருந்து கம்பியில் வழுக்கிப் பெக்டரிக்கு வந்தன. இன்றைய முறை, மலையேறுவோரும் நிலத்தடிக் குகைகளுக்குள் இறங்குவோரும் பயன்படுத்திய கருவிகளிலிருந்து பிறந்தது. வட கடலின் எண்ணெய்க் கிணற்று மேடைகளில் சாரம் கட்டுவது பெரும்பாடு. கீழே கடல், மேலே காற்று. அங்கே பராமரிப்பு வேலைக்குக் கயிறு வசதியாக இருந்தது. 1980களின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் இத்தொழில் செய்த கம்பனிகள் ஒன்றுகூடி ஐராட்டா என்ற சங்கத்தை அமைத்தன. இன்று பல நாடுகளில் இந்தச் சங்கத்தின் விதிகளையே அளவுகோலாகக் கொள்கிறார்கள்.

விதிகளின் வேர் ஒன்றுதான். மனித உயிர் எந்த நேரத்திலும் ஒரே ஒரு பொருளை நம்பித் தொங்கக் கூடாது. வேலைக் கயிறு ஒன்று, காவல் கயிறு ஒன்று. இரண்டும் மேலே வெவ்வேறு பிடிகளில் கட்டப்பட வேண்டும். இரண்டு கயிற்றையும் ஒரே கொக்கியில் மாட்டினால் கணக்குக்கு இரண்டு, உண்மைக்கு ஒன்று. ஹார்னஸ் என்னும் வார்ப்பட்டையை இடுப்பிலும் தொடையிலும் நெஞ்சிலும் மாட்டிக்கொள்கிறார்கள். வேலைக் கயிற்றில் இறங்கு கருவி இருக்கும். பிடியை அழுத்தினால் ஆள் மெதுவாக இறங்குவார், கையை விட்டால் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். மயங்கிக் கையை விட்டாலும் கீழே போகமாட்டார். காவல் கயிற்றில் இன்னொரு சிறு கருவி சும்மா கூடவே வரும். திடீரென்று வேகம் கூடினால் அது கயிற்றைக் கவ்விப் பிடிக்கும்.

நம்மூர்ப் பலகை முறையில் என்ன நடக்கிறது? ஒரு பலகை, இரு முனையிலும் முடிச்சு, மேலே தண்ணீர்த் தாங்கியின் காலில் ஒரு கட்டு. ஒரு முடிச்சு நழுவினாலும் பலகை சாயும், பலகையோடு ஆளும் போவார். சில இடங்களில் பீலி தாங்கும் இரும்பிலும், குளிரூட்டி வைத்த சட்டத்திலும் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டும் பிடி 15 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்பது ஐராட்டாவின் அளவு. அதாவது சுமார் 1,500 கிலோ. எழுபது கிலோ ஆளுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். சும்மா தொங்கும்போது எடை எழுபதுதான். இரண்டு அடி விழுந்து வெட்டி இழுக்கும்போது அது பல மடங்காகிறது. லொறியில் சரக்குக் கட்டிய எவருக்கும் இது தெரியும். ஓடும்போது அறாத கயிறு, பள்ளத்தில் விழுந்து குலுங்கும்போதுதான் அறும்.

இனிக் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது என் சொந்தத் தொழில்.

நம் கடைகளில் நைலோன் என்று சொல்லி விற்பதில் பெரும்பகுதி நைலோனே இல்லை. அது பொலிப்புரோப்பிலின். சோதிப்பது சுலபம். ஒரு துண்டை வெட்டித் தண்ணீர் வாளியில் போடுங்கள். மிதந்தால் பொலிப்புரோப்பிலின், தாழ்ந்தால் நைலோன். மூட்டை கட்டவும் தறப்பாள் இழுக்கவும் அது நல்ல கயிறுதான். ஆனால் வெயில் அதற்கு எதிரி. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் அதன் இழைகளைப் பொடியாக்குகிறது. மலைநாட்டில் குளிர் இருக்கிறது, வெயில் குறைவு என்று நாம் நினைக்கிறோம். உண்மை வேறு. ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் வலு சுமார் 10 வீதம் கூடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரண்டாவது விஷயம் சூடு. பொலிப்புரோப்பிலின் சுமார் 165 பாகையில் உருகும், நைலோன் 215 பாகை தாண்டியே உருகும். கயிற்றில் உரசிக்கொண்டு வேகமாக இறங்கும்போது உண்டாகும் வெப்பத்தைக் கையுறையில்லாமல் பிடித்துப் பார்த்தவரைக் கேளுங்கள்.

மேலே தொங்கும் தொழிலுக்கென்றே செய்யப்படும் கயிறு வேறு வகை. உள்ளே சுமை தாங்கும் இழைக் கட்டு, வெளியே அதைக் காக்கும் பின்னல் உறை. பார்வைக்குத் தடித்த சப்பாத்து நாடா போல இருக்கும். பொதுவாக 11 மில்லிமீற்றர் பருமன். அதிகம் இழுபடாது. ஐரோப்பியத் தரம் ஈஎன் 1891இன் ஏ வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது 2,200 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். இவ்வளவு வலு வீண் செலவில்லை. ஒரு முடிச்சுப் போட்டாலே மூன்றில் ஒரு பங்குவரை வலு போய்விடும். நனைந்த நைலோன் இன்னும் கொஞ்சம் இழக்கும். மீதியைக் கொண்டுதான் உயிர் காக்க வேண்டும். நல்ல கம்பனிகள் ஒவ்வொரு கயிற்றுக்கும் இலக்கமிட்டு, வாங்கிய திகதி, பாவித்த நாட்கள், சோதித்த விபரம் எல்லாம் கொப்பியில் எழுதுகின்றன. பாவிக்காமல் அலுமாரியில் வைத்திருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் கூடாது என்றே பெரும்பாலான உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று, நம் பாஸ்மார் அவசியம் அறிய வேண்டியது. தரை ஓட்டில் படிந்த சீமெந்துக் கறையை நீக்க நாம் விற்கும் அசிட், நைலோனை உள்ளுக்குள் தின்றுவிடும். வெளியில் தெரியாது. அசிட் போத்தலும் கயிறும் ஒரே சாக்கில் கிடப்பதை எத்தனை வேன்களில் கண்டிருக்கிறேன்!

இப்போது முதலாளிமாரின் கேள்விக்கு வருகிறேன். செலவு எப்படி? சாரமா, கயிறா? (சாரம் என்றால் நம்மவர்க்கு இடுப்பில் கட்டுவது, மேசன்மாருக்குக் கட்டடத்தில் கட்டுவது. சிங்கள பாஸ்மார் பலஞ்சிய என்பார்கள், அவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை.) கயிற்று முறையில் நாட்கூலி அதிகம். பயிற்சி பெற்ற ஆள், விலைகூடிய கருவி, மேற்பார்வையாளர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கேட்பார்கள். ஆனால் நாட்கள் குறைவு. என் சொந்தக் கட்டடம் நான்கு மாடி. சென்ற தடவை பெயின்ட் அடித்தபோது சாரம் பத்தொன்பது நாள் நின்றது. அதில் பெயின்ட் அடித்தது எட்டு நாள்தான். மீதி, கட்டவும் கழற்றவும் மழை பார்க்கவும் போனது. அந்தப் பத்தொன்பது நாளும் பெயர்ப் பலகை மறைந்திருந்தது. கீழ்க் கடை வாடகைக்காரர் வியாபாரம் குறைந்தது என்று வாடகையில் கழிக்கச் சொன்னார். இதையெல்லாம் சாரக் கூலியோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

எல்லா வேலைக்கும் கயிறு பொருந்துமா என்றால், இல்லை. இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. வொஷிங்டன் நகரில் 555 அடி உயரமான நினைவுக் கல்தூண் ஒன்று உண்டு. 2011 ஓகஸ்ட் 23இல் நில அதிர்வு வந்து அதில் வெடிப்புகள் விழுந்தன. அடுத்த மாதமே பொறியியலாளர்கள் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி, கல் கல்லாகத் தட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். எங்கே என்ன பழுது என்பது தெளிவாகத் தெரிந்த பிறகு, திருத்த வேலைக்கு 2013இல் தூணைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள். 2014 மே மாதம் மீண்டும் திறந்தார்கள். பார்க்க, துடைக்க, சிறு ஒட்டு வேலை செய்ய, வயர் இழுக்கக் கயிறு நல்லது. கல் பெயர்க்க, பாரம் ஏற்ற, சாந்து கொத்திப் பூசச் சாரம் நல்லது. மிக உயர்ந்த கட்டடங்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. 2010இல் திறக்கப்பட்ட டுபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீற்றர். அதன் வெளிச்சுவரில் தண்டவாளம் போலப் பாதை பதித்து, அதில் ஓடும் தொட்டி இயந்திரங்களில் நின்று துடைக்கிறார்கள். அப்படியிருந்தும் ஒரு சுற்று முடிக்க 36 பேருக்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும்.

கொழும்பும் உயர்ந்துகொண்டே போகிறது. 2022 செப்டெம்பரில் மக்களுக்குத் திறந்த தாமரைக் கோபுரம் சுமார் 350 மீற்றர். பேரை வாவிக் கரையில் நிற்கும் அல்டேர் 240 மீற்றர், அதன் ஒரு கோபுரம் மற்றதில் சாய்ந்து நிற்கிறது. சாய்ந்த சுவர் கயிற்றுக்காரருக்கு ஒரு தனித் தலையிடி. கயிறு நேராகத்தான் தொங்கும், சுவர் அதைவிட்டு விலகிப் போகும். இடையிடையே சுவரில் பிடி வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே இறங்க வேண்டும். கட்டட வரைபடம் கீறும்போதே இந்தப் பிடிகளுக்கு இடம் வைத்தால் செலவு மிச்சம். நம்மூரில் புதிதாக மாடி எழுப்புபவர்களுக்கும் இது பொருந்தும். கூரைத் தட்டில் கொங்கிரீட் போடும்போதே, பொறியியலாளர் காட்டும் இடத்தில் நாலைந்து துருப்பிடிக்காத உருக்கு வளையங்களைப் பதித்து வையுங்கள். பிறகு துளை போட்டு வைப்பதைவிட மிக மலிவு.

மலைநாட்டுக் கட்டடங்களுக்கு வேறு சிக்கல்கள் உண்டு. நம் தேயிலைப் பெக்டரிகள் நாலைந்து தட்டு உயரம், சுற்றிவரத் தகடும் ஜன்னலும், உச்சியில் தகரக் கூரை. கந்தபொலையில் 1996இல் ஹோட்டலாகிய ஹெத்தர்செட் பெக்டரியைப் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் தெரியும். இவற்றில் கொங்கிரீட் தட்டு இல்லை, கயிறு கட்ட உள் இரும்புச் சட்டத்தைத் தேடிப் போக வேண்டும். அஸ்பெஸ்டஸ் கூரையானால் கயிற்றுக்கு முன்பே ஆபத்து. பழைய தகட்டில் கால் வைத்தால் உடைந்து நேரே கீழேதான். மேலும் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை, மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடி மின்னல், எந்த நேரமும் இறங்கும் பனிமூட்டம். மூட்டத்தில் மேலே இருப்பவரின் கைச் சைகை கீழே தெரியாது. அதற்கு வோக்கி டோக்கி வேண்டும்.

இதே திறமை கட்டடத்தோடு நிற்பதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் மலைகளைச் சரித்ததை நாம் மறக்கவில்லை. பாதையோரச் சரிவுகளில் தளர்ந்து நிற்கும் கல்லைப் பெயர்த்து விழுத்தவும், கம்பி வலை விரிக்கவும், ஆணி அடிக்கவும் கயிற்றில் இறங்கும் ஆட்களே தேவை. இத்தொழில் பழகிய இளைஞர்களுக்கு நாட்டிலும் வளைகுடாவிலும் வேலையுண்டு. ஐராட்டா முறையில் மூன்று படிகள். பதினெட்டு வயது நிறைந்தவர் குறைந்தது நான்கு நாள் பயிற்சியும் ஒரு நாள் பரீட்சையும் முடித்து முதல் படி பெறலாம். பரீட்சிப்பவர் பயிற்சி கொடுத்தவராக இருக்கக் கூடாது. அடுத்த படிக்கு ஒரு வருடமும் கயிற்றில் 1,000 மணித்தியால வேலையும் வேண்டும், அதைக் கொப்பியில் பதிந்து காட்ட வேண்டும். மூன்றாம் படிக்கும் அப்படியே. மூன்றாம் படிக்காரரே மேற்பார்வையாளர். சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். பிள்ளைகளை வெளிநாடு அனுப்பக் கடன்படும் குடும்பங்கள் இந்த வழியையும் விசாரித்துப் பார்க்கலாம்.

ஆள் பிடிக்கும்போது நான் கேட்கச் சொல்வது முக்கியமாக ஒரு கேள்விதான்: மேலே உங்கள் ஆள் மயங்கிவிட்டால் யார், எப்படி இறக்குவது? அசையாமல் ஹார்னஸில் தொங்கும் மனிதனுக்குக் காலில் இரத்தம் தேங்கி, சிறிது நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். தொலைபேசியில் அழைத்து யாராவது வரும்வரை காத்திருக்க முடியாது. கூட இருக்கும் ஆளே இறங்கிப் போய்த் தூக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்பவரிடம் இரண்டாவது கயிறும் இருக்கும், கொப்பியும் இருக்கும். "அதெல்லாம் நடக்காது ஹாஜியார்" என்று சிரிப்பவரை நான் அனுப்பிவிடுவேன்.

சட்டப் பக்கமும் உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, சில சந்தர்ப்பங்களில் கொந்தராத்துக்காரரின் ஆளுக்கும் வேலையைக் கொடுத்தவரே நட்டஈடு கட்ட வேண்டி வரும். "நான் கொந்தராத்துக்குத்தானே கொடுத்தேன்" என்பது எப்போதும் செல்லாது. உங்கள் சட்டத்தரணியிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்குத் தீக்காப்புறுதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது சுவருக்கும் சரக்குக்கும் உரியது. கயிற்றில் தொங்குபவருக்குத் தனிக் காப்புறுதி இருக்கிறதா, திகதி முடியாமல் இருக்கிறதா என்று பத்திரத்தை வாங்கிப் பாருங்கள்.

அந்த மார்ச் காலையில் வந்த தம்பிக்கு நான் கயிறு கொடுக்கவில்லை. வாளித் தண்ணீரில் ஒரு துண்டை மிதக்கவிட்டுக் காட்டி, விபரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரிதான் நானா, ஆனா இன்னைக்கு ஆரம்பிக்கலேன்னா வேற ஆளு செஞ்சிடுவான்" என்று சொல்லி, கொஞ்சம் தள்ளியிருந்த கடையில் வாங்கிக்கொண்டு போனார். வேலை முடிந்தது, ஆளும் சுகம். ஹோட்டல் பளபளவென்று இருந்தது. அடுத்த வருடமும் அந்த முதலாளி அப்படியே செய்விப்பார், ஏனென்றால் இந்த வருடம் ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் மினாராவுக்குப் பெயின்ட் அடிக்கும் பேச்சு வந்தபோது, நிர்வாக சபையில் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்து அரை நாள் கயிற்றில் இறங்கிச் சுற்றிலும் தட்டிப் பார்த்தார்கள். ஒலிபெருக்கி வயரையும் இடிதாங்கிக் கம்பியையும் அப்போதே சரிசெய்தார்கள். மழை வந்து அடிக்கும் மேற்குப் பக்கத்தில் மட்டும் பூச்சு கழன்று பொந்தாக இருக்கிறது, மற்ற மூன்று பக்கமும் உறுதி என்று படம் பிடித்துக் காட்டினார்கள். முழு மினாராவுக்கும் கட்டவிருந்த சாரத்தை மேற்குப் பக்கத்துக்கு மட்டும் கட்டுவதென்று முடிவாயிற்று. இரும்புக் குழாய்கள் நேற்று வந்து இறங்கின.